ஆயிரத்துப் பதினான்காவது முடிச்சு

கூத்தம்பாறை நடுநிலைப் பள்ளியின் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் செல்போனில் முதல் முடிச்சைப் போட்ட திங்கட்கிழமை காலை, சந்தையில் கட்டிக் கிடந்த பதினேழு ஆடுகளின் கயிறுகள் தாமாக அவிழ்ந்து விழுந்தன. ஆடுகள் கொஞ்ச நேரம் கட்டியிருப்பதாகவே நினைத்து நின்றுவிட்டு, பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டுப் போய், கீரைக்காரம்மாவின் கூடையைக் காலி செய்து, பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் படுத்துக்கொண்டன. ஆட்டுக்காரர்கள் பிடித்து வந்து மறுபடி கட்டினார்கள். கயிறு முடிச்சை வாங்கிக்கொள்ளவில்லை. பேச்சு நின்றுபோன ஓரகத்திகள் ஒரே வீட்டில் இருப்பதைப்போல இரண்டு நுனியும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தனவே தவிர, ஒன்றை ஒன்று தொட்டுப் பிடிக்கவில்லை. “சரி, இன்னைக்கு இதுக்கு இப்படி இருக்கு” என்று சொல்லிவிட்டு, ஆளுக்கொரு ஆட்டைக் கையில் பிடித்துக்கொண்டே அவர்கள் விலை பேசினார்கள்.

அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்துக் கழிப்பறைச் சுவரை ஒட்டி, போனுக்கு சிக்னல் கிடைக்கிற ஒரே இடத்தில், செண்பகவல்லி டீச்சர் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் கணக்கு டீச்சர். முடிச்சுக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் ஆனி மாதம் பள்ளி திறந்த கையோடு மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்திருந்தது: ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ‘நம் கை நம் முடிச்சு’ என்ற செயலியில் இருபத்தாறு வகை முடிச்சுகளையும் போட்டு முடிக்க வேண்டும், கடைசி நாள் ஜூலை முப்பத்தொன்று, மாலை ஐந்து மணி, அதற்குள் முடிக்காத பள்ளி பட்டியலில் சிவப்பாகக் காட்டப்படும். பாதுகாப்பைக் கருதி, வகுப்பறைக்குள் கயிறு, நூல், நாடா எதையும் கொண்டுவரக் கூடாது. இதைப் படித்த தலைமையாசிரியர் ஆசிரியர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “கணக்குக்கும் இதுக்கும்தான் கொஞ்சம் ஒத்துப் போகும்” என்று அவள் கையில் கொடுத்துவிட்டார்.

பிள்ளைகள் முப்பத்தொன்பது பேர், வீட்டிலிருந்து வந்த போன்கள் பதினொன்று. திரையில் ஒரு மஞ்சள் கயிறு தெரியும். விரலை வைத்து, அம்புக்குறி காட்டுகிற வழியே வளைத்து, நுழைத்து, கடைசி வளையம் வந்ததும் விரலை எடுக்க வேண்டும். எடுத்தால் முடிச்சு இறுகும், மணி அடிக்கும், ஒரு நட்சத்திரம் விழும். இவ்வளவுதான். ஆனால் விரலை வைக்கப் போகிற நேரத்தில் யாராவது ஒரு பிள்ளையின் அப்பாவுக்கு உரக்கடையிலிருந்து போன் வரும். இல்லையென்றால் புதுப்பிக்கச் சொல்லிச் செயலி நின்றுபோகும். நுழைவு எண் கேட்கும், அந்த எண் தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்கிற அம்மாவின் இன்னொரு போனுக்குப் போயிருக்கும். முதல் நாள் பதினேழு பேர்தான் முடித்தார்கள். செண்பகவல்லி முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பதினேழு என்று குறித்தபோதுதான், கீரை போனதைச் சொல்லிக்கொண்டு சத்துணவு அம்மா உள்ளே வந்தாள்.

மூன்று நாளில் கணக்கு டீச்சருக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. திரையில் ஒரு முடிச்சு விழுந்தால் ஊரில் ஒரு முடிச்சு அவிழ்கிறது, அவிழ்ந்த கயிறு அந்த முடிச்சை மறுபடி வாங்குவதில்லை. முப்பத்தொன்பது பேரும் ஒரு வகையை முடித்தால், அந்த வகை அதற்குப் பிறகு ஊருக்குள் எந்தக் கயிற்றிலும் நிற்பதில்லை. ஊர் எல்லைப் பாலத்தைத் தாண்டி எடுத்துப் போனால் அதே கயிறு நன்றாகப் பிடிக்கிறது. திரும்பப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்தால் விட்டுவிடுகிறது.

அவள் செயலியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தாள்.

“போட்ட முடிச்ச அவுக்கிறதுக்கு வழி இருக்கா?”

“அந்த ஆப்ஷன் இல்ல மேடம். அடுத்த முடிச்சுக்குப் போற பட்டன் மட்டும்தான்.”

“ஆரம்பிச்சிட்டுப் பாதியில விட்டா?”

“செயலி தானா முடிச்சிரும் மேடம். போன் ஆஃப் ஆனாலும் முடிச்சிரும். பிள்ளைங்க தோத்துப்போன மாதிரி ஃபீல் பண்ணக் கூடாதுல்ல? எங்க சேவைக்கு எத்தனை ஸ்டார் குடுப்பீங்க?”

கடிதமும் எழுதினாள். பதில் ஒழுங்காக வந்தது. ‘தங்கள் கடிதம் முடிச்சுகள் அவிழ்வது தொடர்பானது. இத்திட்டம் முடிச்சுகள் இடுவது தொடர்பானது. எனவே தங்கள் கோரிக்கை இத்திட்டத்தின் கீழ் வராது.’

ஊர்க்காரர்கள் படையெடுத்து வந்து சண்டை போடுவார்கள், அதைக் காட்டியாவது திட்டத்தை நிறுத்தச் சொல்லலாம் என்று அவள் காத்திருந்தாள். யாரும் வரவில்லை. வந்தவர்களும் வேறு விஷயமாக வந்தார்கள். ஆடு தப்பிப் போன அதே ஆள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று, “எங்க பயலுக்கு இருபது ஸ்டார்னு சொல்றான், மெய்தானா டீச்சர்?” என்று கேட்டுவிட்டு, மெய்தான் என்றதும் மீசையைத் தடவிக்கொண்டு போனார். ஆடுகள் அவிழ்ந்தே திரியப் பழகின; சாயங்காலம் அவரவர் வீட்டுக்கு வராமல் பிடித்த வீட்டுக்குப் போயின; எந்த வீட்டு வாசலில் படுக்கிறதோ அந்த வீட்டுக்காரர் பால் கறந்துகொள்ளலாம் என்று பேசி முடித்தார்கள். பூக்காரர்களுக்குச் சரம் நிற்கவில்லை என்றதும் பூவைக் கையளவு அள்ளிக் கொடுத்தார்கள், பெண்கள் ஹேர்பின்னால் ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டார்கள். பாவாடை நாடாக்கள் ஒரு செவ்வாய்க்கிழமை மொத்தமாகக் கைவிட்டபோது ஊரே அரை மணி நேரம் வீட்டுக்குள் இருந்தது; பிறகு தையல்காரர் எலாஸ்டிக் வாங்கப் போனார், அவ்வளவுதான். மூட்டைகளுக்குக் கிளிப் போட்டார்கள், விறகைச் சைக்கிள் ட்யூபில் செருகினார்கள், தொட்டில்கள் போய்ப் பிள்ளைகள் தோளில் தூங்கின.

ஒரு கல்யாணத்தில் தாலிக்கயிறு நிற்க மறுத்தது. முடிச்சுப் போட வந்த நாத்தனார், என்ன செய்வதென்று ஒரு கணம் யோசித்துவிட்டு, மணப்பெண்ணின் பிடரியில் இரண்டு நுனியையும் சேர்த்து விரலால் பிடித்துக்கொண்டாள். பந்தியிலும் பிடித்துக்கொண்டிருந்தாள், மறுவீட்டுக்கும் பிடித்துக்கொண்டே போனாள். மூன்றாம் நாள் தட்டாரைக் கூப்பிட்டுக் கொக்கி வைத்த பிறகுதான் கையை எடுத்தாள். அதற்குள் அந்த இரண்டு பெண்களும் ஒருவரிடம் ஒருவர் எல்லாவற்றையும் பேசி முடித்திருந்தார்கள். பிற்பாடு அந்த வீட்டில் சண்டைக்கு விஷயமே மிஞ்சவில்லை என்று சொல்வார்கள்.

ஆடி பிறந்து நாலாம் நாள் மில்லுக்காரர் திருமேனி செத்துப்போனார். ஊரில் யாரோடும் ஒத்துப்போகாத மனிதர். பாடையைக் கட்டக் கட்ட மூங்கில்கள் உருண்டுபோயின. பாலத்துக்கு அந்தப் பக்கம் கட்டி எடுத்து வந்தார்கள், எல்லைக்குள் நுழைந்ததும் அதுவும் சரிந்தது. கடைசியில் பன்னிரண்டு பேர் எதிரெதிராக நின்று கைகோத்து, கைகளின் மேலேயே அவரைக் கிடத்திக் கொண்டுபோனார்கள். இருபது வருஷமாக அவரோடு பேசாத இரண்டு தம்பிமாரும் அவருடைய தலைப்பக்கம் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். சுடுகாட்டிலிருந்து திரும்பியவர்கள், “இப்படிப் போறதும் நல்லாத்தான் இருக்கு” என்றார்கள்.

இந்தப் பேச்சைக் கேட்டுச் செண்பகவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதைப் பிடுங்கினாலும் இந்த ஊர் அதை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறதே என்று வயிறு எரிந்தாள். ஆனால் வகுப்பை நிறுத்தவும் அவளால் முடியவில்லை. அவளுடைய புருஷனும் ஆறு வயது மகள் யாழியும் தென்காசியில் இருந்தார்கள். மூன்று வருஷமாக சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி, ஞாயிறு முழுக்கத் துணி துவைத்து, திங்கள் காலை திரும்பி வருகிறவள் அவள். இந்த ஆடியில் தென்காசிப் பக்கம் ஒரு கணக்கு டீச்சர் இடம் காலியாகிறது, கலந்தாய்வில் அவள் பெயர்தான் முதலில் வரும். சிவப்புப் பள்ளியின் பொறுப்பாசிரியர் பெயர் மட்டும் கலந்தாய்வுப் பட்டியலில் வராது. ஆகவே ஒவ்வொரு நட்சத்திரம் விழும்போதும் ஊரில் எங்கோ ஒன்று அவிழ்கிறது என்று தெரிந்தே, “ம், அடுத்தது போடுங்க” என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இருபத்தாறாவது முடிச்சு உயிர்முடிச்சு. மரம் ஏறுகிறவர்களும் கிணற்றுக்குள் இறங்குகிறவர்களும் இடுப்பில் போட்டுக்கொள்கிற முடிச்சு அது. மழை பெய்து யாரும் வேலைக்குப் போகாத ஒரு நாளில் முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் அதைப் போட்டு முடித்தார்கள். மறுநாள் தென்னை ஏறுகிறவர்கள் கயிற்றைக் கட்டிப் பார்த்துவிட்டு, தேங்காய் தானாக விழட்டும் என்று மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்கள். கிணறு வெட்டுகிறவர்கள் வெளியூருக்கு வேலை தேடிப் போனார்கள்.

ஒரே ஒரு பிள்ளை மட்டும் அந்தக் கடைசி முடிச்சைப் போடவில்லை. அவள் பெயர் ஓவியா. வீட்டில் பட்டன் போன்தான் என்பதால் டீச்சருடைய போனில் பயிற்சி செய்கிறவள், இருபத்தைந்தையும் வகுப்பில் முதலாவதாகப் போட்டவள். இருபத்தாறு என்றதும் கையை மடக்கிக்கொண்டாள். ஒரு நாள் விரலில் காயம் என்றாள், ஒரு நாள் கண் வலி என்றாள், ஒரு நாள் ஒன்றுமே சொல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பத்தொன்பதை இருபத்தாறால் பெருக்கினால் ஆயிரத்துப் பதினான்கு. செண்பகவல்லியின் போனில் ஆயிரத்துப் பதிமூன்று என்று சிவப்பாக நின்றது.

“ஒண்ணே ஒண்ணுடி! உனக்கு வராதா இது? ஏன் என் உயிர எடுக்கிற?” என்று ஒரு நாள் அவள் கத்தியே விட்டாள். ஓவியா அழவில்லை. கையை இன்னும் இறுக்கமாக மடக்கிக்கொண்டாள்.

கடைசி நாளும் வந்தது. முப்பத்தொன்றாம் தேதி, வியாழக்கிழமை, மதியம் இரண்டரை மணிக்கு வட்டார ஒருங்கிணைப்பாளர் குணசிங் நேரிலேயே வந்துவிட்டார். பாலத்தைத் தாண்டியதும் பைக்கில் கட்டியிருந்த ஃபைல் கட்டு அவிழ்ந்து ரோடெல்லாம் பறந்ததில் பாதியைப் பொறுக்கியும் பாதியை விட்டுவிட்டும் வந்திருந்தார். அந்த ஊருக்குள் வருகிற யாருக்கும் விஷயத்தைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

“ஒன்றியத்துல எல்லாப் பள்ளியும் பச்சை, டீச்சர். நீங்க மட்டும்தான் சிவப்பு. மேல இருந்து காலையில இருந்து பத்து போன். யாரு அந்தப் பாப்பா?”

செண்பகவல்லி போனைத் திறந்து மேஜையில் வைத்து, ஓவியாவை முன்னால் கூப்பிட்டாள். “இன்னைக்கும் விரல் வலியா?”

“இல்ல டீச்சர்.”

“அப்புறம் என்ன?”

ஓவியா ஜன்னலைக் காட்டினாள். ஜன்னலுக்கு வெளியே, மைதானத்தைத் தாண்டி, ஊருக்குப் புதிதாகக் கட்டிய தண்ணீர்த் தொட்டி நின்றது. எண்பது அடி உயரம். உச்சியில் பாதி நீலமாகவும் பாதி சிமெண்டாகவும் இருந்த இடத்தில், இடுப்புக் கயிற்றில் சாய்ந்துகொண்டு ஓர் ஆள் பிரஷ்ஷை மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தார். பெயிண்டர் பரமகுரு, ஓவியாவின் அப்பா.

“எல்லாருக்கும் அவுந்துருச்சு டீச்சர். எங்கப்பாவுக்கு மட்டும்தான் இன்னும் அவுறல. நான் போடல, அதான்.”

செண்பகவல்லி ஜன்னலைப் பார்த்தாள், பிறகு போனைப் பார்த்தாள். நாற்பது நாளாக எண்ணி எண்ணிக் குறித்தவளுக்கு இந்த ஒன்று எங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. பதினொரு வயதுப் பிள்ளை கணக்குப் போட்டு வைத்திருக்கிறது.

அவள் பேச வாயெடுப்பதற்குள், “என்ன பாப்பா சின்னப்பிள்ளத்தனமா பேசிக்கிட்டு... நகரு, நானே போட்டுர்றேன்” என்று குணசிங் மேஜைக்கு வந்து ஆள்காட்டி விரலைத் திரையில் வைத்துச் சரசரவென்று வளைத்தார். மற்ற பள்ளிகளில் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பதிலாகப் போட்டுப் பழகிய விரல். ஓவியா “ஐயோ!” என்று அலறினாள். செண்பகவல்லி பாய்ந்து அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தபோது, கடைசி வளையம் விழுந்து முடிந்திருந்தது. விரலை எடுப்பது மட்டும்தான் பாக்கி.

“சார், விரல எடுக்காதீங்க. எடுத்தா இறுகிரும்.”

ஜன்னலுக்கு வெளியே பரமகுருவின் இடுப்புக் கயிறு ஒரு சாண் தளர்ந்தது. அவர் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து இடுப்பைப் பார்த்தார். குணசிங்கும் அதைப் பார்த்தார். அவருடைய முகத்திலிருந்த பத்து போன் அழைப்புகளும் இறங்கிப் போயின.

“டீச்சர், நான் வேணும்னு செய்யல.”

“பேசாதீங்க சார், விரல் ஆடுது.”

போனில் ஆறு சதவீதம் சார்ஜ் இருந்தது. அணைந்துபோனாலும் செயலி தானாக முடித்துவிடும். செண்பகவல்லி சொன்னதும், குணசிங் இடது கையால் தன் பையிலிருந்து பவர் பேங்கை எடுத்துக் கொடுத்தார்; அவளே அதைப் போனில் செருகினாள். பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடி, “மாமா, இறங்குங்க! இறங்குங்க மாமா!” என்று கத்தினார்கள். ஆடிக்காற்று அந்தச் சத்தத்தை வேறு பக்கம் கொண்டுபோயிற்று. கடைசியில் தலைமையாசிரியர் வந்து எட்டிப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் போய், நேரம் கெட்ட நேரத்தில் பள்ளிக்கூட மணியை விடாமல் அடித்தார். பரமகுரு கீழே பார்த்தார். கையைக் கையை ஆட்டுகிற பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு பிரஷ்ஷை டப்பாவில் வைத்துவிட்டு, ஒவ்வொரு கம்பியாக இறங்க ஆரம்பித்தார். இருபது நிமிஷம் ஆயிற்று. அந்த இருபது நிமிஷமும் வகுப்பறைக்குள் ஒருங்கிணைப்பாளர் விரலை ஊன்றிக்கொண்டும், டீச்சர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டும், ஓவியா ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்துக்கொண்டும் நின்றார்கள்.

பரமகுரு இடுப்பில் கயிறோடு, கை முழுக்க நீல வண்ணத்தோடு வகுப்பறை வாசலுக்கு வந்தார். ஓவியா ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டு, அப்போதுதான் அழுதாள். குணசிங் பெரிதாக மூச்சு விட்டார். “அப்பாடா. இனி எடுத்துரலாம்ல டீச்சர்?”

பரமகுரு நடந்ததைக் கேட்டுக்கொண்டார். மேஜையில் இருந்த போனையும் அதன்மேல் நின்ற விரலையும் பார்த்தார். இடுப்புக் கயிற்றை ஒரு தடவை தொட்டார்.

“அதுக்கென்ன சார், எடுத்துருங்க. பிள்ளையால உங்களுக்கெல்லாம் சங்கடம். மேல ஏறாட்டி என்ன, காம்பவுண்டுச் சுவருக்கு அடிச்சிட்டுப் போறேன். பழகிக்கிட்டாப் போச்சு.”

இந்தக் கடைசி வார்த்தையில்தான் செண்பகவல்லிக்கு உள்ளே ஏதோ தெறித்தது. தியாகம், பெருந்தன்மை என்றெல்லாம் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இருபத்தைந்து முடிச்சுகளைப் போடச் சொன்ன தன் மேல், எண்பது அடி உயரத்திலிருந்து இறங்கி வந்து மன்னிப்புக் கேட்கிற இந்த மனுஷன் மேல், ஆடு போனாலும் தொட்டில் போனாலும் பழகிக்கொள்கிற இந்த ஊர் மேல் ஆத்திரம். நாற்பது நாளில் இந்த ஊரில் மாட்டேன் என்று சொன்னது ஒரே ஓர் உயிர்தான், அது இப்போது அப்பா காலைக் கட்டிக்கொண்டு மூக்கை உறிஞ்சுகிறது.

“எடுக்காதீங்க சார்” என்றாள்.

“டீச்சர், அவரே சொல்றார்...”

“அவர் சொல்லுவாரு. எடுக்காதீங்க. மெதுவா பின்னால இழுங்க, நான் விரல வைக்கேன்.”

அவருடைய விரலை ஒட்டித் தன் விரலை வைத்தாள். அவர் மயிரிழை மயிரிழையாகப் பின்வாங்க, அவள் மயிரிழை மயிரிழையாக முன்னேறினாள். திரையிலிருந்த மஞ்சள் கயிறு ஒரு தரம் நடுங்கியது, பிறகு அவள் விரலடியில் நின்றது. குணசிங் மரத்துப்போன விரலை வாயருகே வைத்து ஊதிக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தில் மூன்று முப்பத்தைந்து.

“அஞ்சு மணி வரைக்குமா?”

“அஞ்சு மணிக்குச் செயலியே மூடிரும், அதுக்கப்புறம் எந்த முடிச்சும் ஏறாதுன்னு உத்தரவுல போட்டிருக்கு சார்.”

“உங்க பேரு கலந்தாய்வுல இருக்குல்ல?”

“இருக்கு சார்.”

“சிவப்புன்னா வராது.”

“தெரியும் சார்.”

குணசிங் ஜன்னல் வழியே தொட்டியை ஒரு தடவை பார்த்தார். பவர் பேங்க் கழன்றுவிடாமல் இருக்கிறதா என்று ஒரு முறை அமுக்கிப் பார்த்தார். பிறகு, “நான் இன்னைக்கு இங்க வரவே இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனார். வெளியே பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது.

ஒன்றரை மணி நேரம் விரலை ஊன்றிக்கொண்டு நிற்பது எளிதாக இல்லை. தோள்பட்டை கடுத்தது, வியர்வை விரல் நுனிக்கு இறங்கி வழுக்கியது. பள்ளி விட்டும் பிள்ளைகள் போகவில்லை. முறைவைத்து நோட்டால் விசிறினார்கள். நாலேகாலுக்குப் போன் அதிர்ந்தது. திரையின் மேல்பக்கம் புருஷனுடைய பெயர் வந்து நின்றது. எதற்கென்று அவளுக்குத் தெரியும். பச்சையாகிவிட்டதா என்று கேட்க. எடுக்கவும் முடியாது, வெட்டவும் முடியாது. பெயர் தானாகப் போய், மறுபடி வந்தது, மறுபடி போய், மூன்றாவது தடவையும் வந்தது. இன்னும் விரலை எடுக்கலாம், எடுத்தால் ஆகஸ்டில் தென்காசி என்று அவள் மூன்று தடவையும் நினைத்தாள். ஓவியா ஒரு பெஞ்சை இழுத்துக்கொண்டு வந்து அவளுக்குப் பின்னால் போட்டாள்.

ஐந்து மணிக்குத் திரை வெளுத்தது. ‘காலக்கெடு முடிந்தது. முழுமையடையாதவை 1’ என்று வந்தது. மணி அடிக்கவில்லை. பரமகுரு தன் இடுப்பில் கயிற்றை இழுத்துப் பார்த்தார். தளர்ந்த ஒரு சாணும் திரும்பி இறுகி, முடிச்சு முடிச்சாகவே இருந்தது.

அதையும் ஊர் பழகிக்கொண்டது. கூத்தம்பாறையில் மிச்சமிருந்த ஒரே உயிர்முடிச்சு என்பதால் பரமகுரு அதை அவிழ்ப்பதே இல்லை. கால்சட்டையைக் கழற்றுவதுபோல வளையத்தை அப்படியே காலடிக்கு இறக்கி வெளியே வருவார். தொட்டி முழுக்க நீலமான பிறகு அது தென்னை ஏறுகிறவர்களிடம் போனது, அவர்களிடமிருந்து கிணற்றுக்காரர்களிடம் போனது. எந்த நாள் யாருக்கு என்று பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் எழுதிப் போட்டார்கள். வெளியூர் போனவர்கள் திரும்பி வந்தார்கள். அடுத்த சுற்று முடிச்சுகளுக்கான உத்தரவு வந்தபோது, செண்பகவல்லி அதன் அடியில் ‘என்னால் இயலாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். அதற்கு விளக்கம் கேட்டு வந்த கடிதத்துக்கும் அதையே எழுதினாள்.

கலந்தாய்வுப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. அந்தச் சனிக்கிழமை தென்காசிக்குப் போனாள். சாப்பாடு முடிந்ததும் புருஷன், “ஒரு விரல தூக்க முடியலயா உனக்கு?” என்று மட்டும் கேட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, “அந்தாளுதான் எறங்கிட்டாருல்ல” என்றார். அதற்கு அவளிடம் பதில் இருந்தது. ஆனால் எத்தனை தடவை சொல்லிப் பார்த்தாலும் அந்தப் பதில் தென்காசியில் நிற்கவில்லை.

திங்கட்கிழமை காலை யாழியைப் பள்ளிக்கூட வேனுக்கு அனுப்பிவிட்டுப் போவதற்காக, முதல் பீரியடுக்கு அனுமதி வாங்கியிருந்தாள். வாசற்படியில் உட்கார்ந்து மகளுக்குப் புது ஷூவை மாட்டி, லேஸைக் கட்டினாள். நின்றது. நாற்பது நாளைக்கு மேல் நிற்காத கயிறுகளையே பார்த்துவந்த கண்ணுக்கு நம்பிக்கை வரவில்லை. இழுத்துப் பார்த்தாள், நின்றது. அதன்மேல் இன்னொரு முடிச்சுப் போட்டாள். அதுவும் நின்றது. மூன்றாவதாகவும் ஒன்று போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள். மற்றக் காலுக்கும் அப்படியே மூன்று போட்டாள். தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது.

யாழி குனிந்து இரண்டு காலையும் பார்த்தாள்.

“அம்மா, சாயந்தரம் இத யாரு அவுப்பா?”

செண்பகவல்லி மறுபடி குனிந்தாள். வேன் காத்துக்கொண்டு நிற்க, புருஷன் வாசலுக்கு வந்து என்னவென்று கேட்க, அவள் தலை நிமிராமல், நகத்தாலும் கடைசியில் பல்லாலும், மேலிருந்த இரண்டு முடிச்சுகளையும் ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள்.